முனை எங்கே? முனையில் என்ன?

தோள்பட்டைகளுக்கு நடுவே, முதுகின் நட்டநடுவில் இருக்கிறது ஐந்தாம் மார்பு முள்ளெலும்பு. மற்ற முள்ளெலும்புகளைப் போல இதற்கும் முன்னால் உருண்டையான ஓர் உடல், பின்னால் ஒரு வளைவு. இரண்டையும் சேர்த்துப் பிடிப்பவை இடமும் வலமுமாக இரண்டு குட்டை எலும்புக் காம்புகள். டாக்டர்கள் இவற்றைப் பெடிக்கிள் என்பார்கள். ஐந்தாம் மார்பு முள்ளெலும்பில் இந்தக் காம்பின் சராசரி அகலம் 4.5 மி.மீ. இடுப்பின் கடைசி முள்ளெலும்பில் அதுவே 18 மி.மீ. வரை பருத்துவிடுகிறது.

முதுகெலும்பு அறுவை சிகிச்சையில் இந்தக் காம்பின் வழியாகத்தான் டைட்டானியம் ஸ்க்ரூ ஏறுகிறது. உள்பக்கச் சுவர் உடைந்தால் அந்தப் பக்கம் தண்டுவடம். கீழ்ச்சுவர் உடைந்தால் நரம்பு வேர். வெளிப்பக்கம் போனால் நுரையீரலின் உறை. அளவுக்கு மீறி ஆழமாகப் போனால், அதுவும் இடப்பக்கத்தில், இதயத்திலிருந்து இறங்கி வரும் மகாதமனி. சர்ஜனின் கண்ணுக்கோ இதில் ஒன்றும் தெரியாது. தசையை விலக்கிய பிறகு அவர் பார்ப்பது எலும்பின் பின்புறத்தை மட்டும்தான். உள்ளே போகும் பாதையை அவர் ஊகிக்க வேண்டும்.

எவ்வளவு பிசகலாம் என்று கனடாவின் ராஜா ராம்பர்சாடும் சகாக்களும் 2001-இல் கணக்குப் போட்டார்கள். வழக்கமான அளவு ஸ்க்ரூவைக் காம்பின் நடுவில் வைத்து, எத்தனை மில்லிமீட்டர் நகர்ந்தால், எத்தனை டிகிரி திரும்பினால் சுவரைத் தொடும் என்ற எளிய வடிவியல்தான். இடுப்பின் ஐந்தாம் முள்ளெலும்பில் 3.8 மி.மீ., 12.7 டிகிரி வரை தாங்கும் என்று வந்தது. ஐந்தாம் மார்பு முள்ளெலும்பில் கிடைத்த விடை பூஜ்யம் மி.மீ., பூஜ்யம் டிகிரி. பிழைக்கு இடமே இல்லை.

இத்தனை ஆபத்தான இடத்தில் ஸ்க்ரூ போடுவானேன்? 1950-களில் அமெரிக்காவின் ஹூஸ்டனில் பால் ஹாரிங்டன், போலியோவால் முதுகு வளைந்த குழந்தைகளுக்காக ஒரு கம்பியும் கொக்கிகளும் கொண்ட அமைப்பை உருவாக்கினார். கொக்கி எலும்பின் பின்பகுதியை மட்டுமே பற்றும். இழுக்கலாம், விரிக்கலாம், முறுக்கிக்கொண்ட முள்ளெலும்பைத் திருப்ப அதனால் முடியாது. பாரிஸில் ரேமோன் ரோய்-கமீ 1963-இல் பெடிக்கிள் வழியாக ஸ்க்ரூவைச் செலுத்தித் தகட்டோடு பிணைத்தார். பின்புறத்திலிருந்து முன்னுடல் வரை ஊடுருவும் பிடி அது. ஒரு முள்ளெலும்பில் இரண்டு ஸ்க்ரூ இருந்தால் அதைத் தூக்கலாம், சாய்க்கலாம், திருப்பலாம். 1980-களுக்குப் பிறகு உலகமே இந்த வழிக்கு வந்தது. 1990-களில் அமெரிக்க நீதிமன்றங்களில் பெடிக்கிள் ஸ்க்ரூ தயாரிப்பாளர்கள் மீது ஆயிரக்கணக்கான வழக்குகள் குவிந்ததும் இந்தக் கதையின் ஒரு பகுதி. அந்நாட்டின் உணவு, மருந்துத் துறை 1998-இல்தான் அதன் தகுதியை ஒழுங்காக வரையறுத்தது.

இத்தனை ஆண்டுகளும் பெரும்பாலான ஸ்க்ரூக்களைப் போட்டது கைதான். எலும்பில் நுழையும் புள்ளியைச் சர்ஜன் உடற்கூற்று அடையாளங்களை வைத்துத் தேர்ந்தெடுப்பார். மழுங்கிய முனையுள்ள துழாவியை மெல்ல அழுத்தித் திருகுவார். காம்பின் உள்ளே இருப்பது துளைகள் நிறைந்த பஞ்செலும்பு. முனை கரகரவென்று, சீரான எதிர்ப்போடு இறங்கும். சுற்றுச்சுவர் கெட்டி எலும்பு. அதில் முட்டினால் நின்றுவிடும். திடீரென்று எதிர்ப்பே இல்லாமல் வழுக்கினால் சுவர் உடைந்துவிட்டது என்று பொருள். பிறகு நுனியில் சிறு குமிழ் உள்ள மெல்லிய கம்பியை விட்டு, நான்கு சுவரும் அடித்தளமும் இருக்கின்றனவா என்று தடவிப் பார்ப்பார்.

இதைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் லாரன்ஸ் லென்கேயின் குழு, 394 நோயாளிகளுக்குக் கையுணர்வை நம்பிப் போட்ட 3,204 மார்பு ஸ்க்ரூக்களின் கணக்கை 2004-இல் வெளியிட்டது. ஸ்க்ரூவால் நரம்போ இரத்தக்குழாயோ பாதிக்கப்பட்ட ஒரு நோயாளிகூட அதில் இல்லை. ஆனால் அது உலகின் தேர்ந்த கைகளில் ஒன்று. அந்தக் கையை எல்லா ஊருக்கும் அனுப்ப முடியாது. வளைந்து முறுக்கிய முதுகில் அடையாளங்களே இடம் மாறிக் கிடக்கும். எலும்பு தேய்ந்த பாட்டியின் முதுகில் சுவருக்கும் பஞ்சுக்கும் விரலுக்குத் தெரியும் வித்தியாசம் குறைந்துவிடும். கருவிகள் இந்த இடங்களில்தான் தேவைப்படுகின்றன.

சி-ஆர்ம் எக்ஸ்-ரே தியேட்டருக்குள் வந்தபோது பாதிப் பிரச்சினை தீர்ந்தது. பாதிதான். அது நிழல் படம்; பக்கவாட்டில் எடுத்தால் மேல்-கீழ் தெரியும், உள்-வெளி தெரியாது. ஸ்க்ரூவுக்கு ஸ்க்ரூ படம் எடுத்தால், ஈய அங்கி போட்டிருந்தாலும், சர்ஜனின் கைகள் ஆண்டுக்கணக்கில் கதிர்வீச்சை வாங்கிக்கொண்டே இருக்கும்.

இதன் பிறகு வந்த மின்னணுக் கருவிகள் பலவகை. விளம்பரங்களில் எல்லாம் ஒன்றுபோலத் தோன்றும். ஆனால் அவை இரண்டு வெவ்வேறு கேள்விகளுக்குப் பதில் சொல்கின்றன. முனை எங்கே இருக்கிறது என்பது ஒன்று. முனை எதைத் தொட்டுக்கொண்டிருக்கிறது என்பது மற்றொன்று. முதல் கேள்விக்குப் பணம் கொட்டப்படுகிறது. இரண்டாவது கேள்விக்கு உரிய கவனம் கிடைக்கவில்லை என்பது என் கருத்து. ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

உடலுக்குள் மின்சாரம் பாய்வது உப்புக் கலந்த நீர் வழியாக. கெட்டி எலும்பில் நீர் குறைவு, கனிமம் அதிகம். ஆகவே மின்சாரத்தை அது லேசில் விடாது. பஞ்செலும்பின் துளைகளில் மஜ்ஜையும் இரத்தமும் இருப்பதால், ஏறத்தாழ நான்கு மடங்கு அதிகம் கடத்தும். இரத்தம் கெட்டி எலும்பைப்போல முப்பது மடங்குக்கு மேல். தண்டுவடத்தைச் சூழ்ந்த திரவம் நூறு மடங்கை ஒட்டி வரும். விரலுக்கு வித்தியாசம் மங்கலாக இருக்கும் இடத்தில்கூட மின்சாரத்துக்கு அது மலைக்கும் மடுவுக்குமாகத் தெரியும்.

இதைப் பிடித்துக்கொண்டு செய்த கருவிதான் பெடிகார்ட். டப்ளினின் நரம்பியல் சர்ஜன் கீரன் போல்ஜர் உள்ளிட்டோர் அதன் உருவாக்கத்தில் இருந்தார்கள். இன்று அதைத் தயாரிப்பது 2009-இல் பிரான்சில் தொடங்கப்பட்ட ஸ்பைன்கார்ட் நிறுவனம். பார்ப்பதற்குப் பழைய துழாவிதான். கைப்பிடிக்குள் பேட்டரியும் சிறிய மின்சுற்றும் ஒலிபெருக்கியும் இருக்கின்றன. தண்டின் நடுவே ஒரு மின்முனை, அதைச் சுற்றி மின்தடைப் பூச்சு, வெளியே இன்னொரு மின்முனை. நுனியில் இரண்டுக்கும் இடையே மிகச் சிறிய மின்னோட்டம் பாய்கிறது. அது எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்பதை அளந்து, கருவி அதை ஒலியாக மாற்றுகிறது.

பஞ்செலும்பில் இறங்கும்போது நடுத்தரச் சுருதியில், சீரான இடைவெளியில் பீப், பீப் என்று வரும். சர்ஜன் அந்தத் தாளத்தைக் காதில் வாங்கிக்கொண்டு திருகுகிறார். முனை சுவரை நெருங்கி அதில் உரசத் தொடங்கினால் சுருதி இறங்கும், இடைவெளி நீளும். அந்த இடத்தில் நிறுத்தி, முனையைச் சற்றுத் திருப்பி, பழைய தாளம் திரும்பும் வரை வழி தேட வேண்டும். பிடிவாதமாக அழுத்தினால் சுவர் உடையும். இரத்தமோ மென்திசுவோ முனையைத் தொட்ட கணத்தில் ஒலி கீச்சென்று உயர்ந்து படபடக்கும். காரை ரிவர்ஸ் எடுக்கும்போது சென்சார் போடும் சத்தம்போலத்தானே என்று நினைக்கலாம். ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. காரில் சுவர் நெருங்க நெருங்கச் சத்தம் அவசரப்படும். இங்கே சுவரை நெருங்கினால் சத்தம் தணியும். சுவரைத் தாண்டிய பிறகுதான் அலறும். தணிவதைக் கவனிக்கப் பழகிய காதுக்குத்தான் இந்தக் கருவி முழுப் பயன் தரும்.

ஒலி என்று முடிவெடுத்தவர்களுக்கு ஒரு சபாஷ் போடலாம். திரையாக இருந்தால் சர்ஜன் காயத்திலிருந்து தலையைத் தூக்கிப் பார்க்க வேண்டும். ஒலிக்கு அது வேண்டாம். மயக்க மருந்து டாக்டர், நர்ஸ், பயிற்சி மாணவர் எல்லாரும் அதைக் கேட்கிறார்கள். ஜூனியர் கையில் கருவி இருக்கும்போது, எதிரே நிற்கும் சீனியருக்கு அவர் கைக்குள் நடப்பது தெரிந்துவிடுகிறது. முதுகெலும்பு அறுவையில் இதைவிட நல்ல பாடமுறை கிடையாது.

குறைகளும் உண்டு. துளைக்குள் இரத்தம் தேங்கினால் சுவர் உடையாமலே சுருதி ஏறும். எலும்பு தேய்ந்தவர்களிடம் அடிப்படைச் சுருதியே உயரத்தில் இருக்கும். அதற்கேற்பக் காதைப் பழக்க வேண்டும். சுவர் உடைந்தது என்று சொல்லுமே தவிர எந்தச் சுவர் என்று சொல்லாது. தவறான முள்ளெலும்பில் மிகச் சரியாகத் துளை போட்டால், அதற்கும் இனிமையாகத் தாளம் போடும்.

மின்சாரத்தை இன்னொரு விதமாகவும் பயன்படுத்துகிறார்கள். ஸ்க்ரூவைப் போட்ட பிறகு அதன் தலையில் மின்துடிப்பு கொடுத்து, கால் தசை துடிக்கிறதா என்று பார்ப்பது. எலும்புச் சுவர் முழுதாக இருந்தால் மின்சாரம் நரம்பை எளிதில் எட்டாது. 10 மில்லியாம்பியரைத் தாண்டியும் தசை அசையவில்லையென்றால் பெரும்பாலும் நிம்மதி. அதைவிட மிகக் குறைந்த மின்சாரத்திலேயே துடித்தால் சுவரில் ஓட்டை இருக்கலாம். தசைத் தளர்ச்சி மருந்து கொடுத்திருந்தால் தசை எப்படியும் துடிக்காது. பொய்யான நிம்மதிதான் மிஞ்சும். ஆகவே இந்தச் சோதனையில் மயக்க மருந்து டாக்டரும் பாதிப் பங்காளி. இடுப்புப் பகுதியில் நன்றாக வேலை செய்யும் இது, மார்புப் பகுதியில் அவ்வளவு நம்பகமாக இல்லை. தவிர, இது பிழை நடந்த பிறகு சொல்லும் செய்தி.

இனி, முனை எங்கே என்ற முதல் கேள்விக்குப் பதில் சொல்லும் வரைபடக்காரர்கள். நேவிகேஷன் என்று இன்று எல்லா ஆஸ்பத்திரிப் பலகையிலும் எழுதியிருக்கும் முறை, மூளை அறுவையிலிருந்து 1990-களில் முதுகுக்கு இறங்கி வந்தது. நோயாளியின் ஒரு முள்ளெலும்பில், பின்னால் துருத்தும் முள்ளில், ஒரு சட்டத்தைக் கவ்வவிடுவார்கள். அதில் ஒளியைத் திருப்பும் சிறு கோளங்கள். சர்ஜனின் கருவியிலும் அதேபோலக் கோளங்கள். அகச்சிவப்புக் கேமரா இரண்டையும் பார்த்து, சட்டத்துக்கும் கருவி முனைக்கும் உள்ள தொலைவைக் கணக்கிட்டுக்கொண்டே இருக்கும். நோயாளி மேஜையில் கிடக்கும் நிலையிலேயே முப்பரிமாண ஸ்கேன் எடுத்து அதனோடு பொருத்தினால், எலும்புக்குள் முனை நகர்வதைத் திரையில் பார்க்கலாம். ஸ்கேன் ஓடும் அந்தச் சில நிமிடங்கள் குழுவினர் அறையை விட்டு வெளியேறிவிடலாம் என்பது கதிர்வீச்சுக் கணக்கில் பெரிய லாபம்.

இது உண்மையிலேயே உதவுகிறதா என்ற கேள்விக்குப் பதில் தந்த ஆய்வுகளில் ஒன்று கோயம்புத்தூரில் நடந்தது. கங்கா மருத்துவமனையின் டாக்டர் எஸ். ராஜசேகரனும் சகாக்களும், முதுகு வளைவு, கூன் உள்ள 33 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாகப் பிரித்தார்கள். மொத்தம் 478 மார்பு ஸ்க்ரூக்கள். 2007-இல் வெளியான முடிவு இது: நேவிகேஷன் இல்லாத பிரிவில் 54 ஸ்க்ரூக்கள், அதாவது 23 சதவீதம், எலும்புச் சுவரைத் தாண்டியிருந்தன. நேவிகேஷன் பிரிவில் 5 மட்டும், 2 சதவீதம். கருவி வந்தால் நேரம் இழுக்கும் என்ற பொது நம்பிக்கையும் அடிபட்டது. ஒரு ஸ்க்ரூ போட எடுத்துக்கொண்ட சராசரி நேரம் 4.61 நிமிடத்திலிருந்து 2.37 நிமிடமாகக் குறைந்தது. கோணலான முதுகு என்பதால்தான் வித்தியாசம் இவ்வளவு பெரிதாகத் தெரிகிறது. பின்லாந்தில் 2000-இல் 100 நோயாளிகளை வைத்துச் செய்த இதேபோன்ற ஆய்வில் 13.4 சதவீதம் 4.6 சதவீதமாகக் குறைந்திருந்தது. திசை ஒன்றுதான்.

ஆனாலும் வரைபடத்துக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. அது தவறும்போது சொல்லாமல் தவறும். சட்டத்தில் யாருடைய முழங்கையாவது இடித்து அது இரண்டு மில்லிமீட்டர் நகர்ந்துவிட்டால், திரையில் படம் கொஞ்சமும் கலையாது. பளிச்சென்ற எலும்பு, அதன் நடுவே பளிச்சென்ற ஸ்க்ரூ. நிஜத்தில் ஸ்க்ரூ வேறு இடத்தில். சட்டம் ஒரு முள்ளெலும்பில் இருக்க, நாலைந்து எலும்பு தள்ளி வேலை செய்யும்போது, அழுத்தத்தில் அந்த எலும்பு மட்டும் அமுங்கினாலும் இதே கதைதான். கேமராவுக்குக் குறுக்கே யாராவது தலையை நீட்டினால் படம் நின்றுவிடும். எரிச்சலாக இருக்கும், ஆனால் அது நேர்மையான கோளாறு. அனுபவமுள்ளவர்கள் ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கும் முன்னால் சுட்டுக்கோலால் கண்ணுக்குத் தெரியும் ஓர் எலும்பு முனையைத் தொட்டு, திரையும் அதையே காட்டுகிறதா என்று பார்க்கிறார்கள். பத்து விநாடி வேலை. இதைச் செய்யாத இடத்தில் நேவிகேஷன் இருப்பதைவிட இல்லாமல் இருப்பது மேல்.

வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு வழிகாட்டும் ரோபோவும் வந்தது. இஸ்ரேலின் ஹைஃபாவில், டெக்னியான் தொழில்நுட்ப நிறுவனத்தின் மோஷே ஷோஹாம் தொடங்கிய மேசோர் நிறுவனத்தின் ஸ்பைன்அசிஸ்ட் இதில் முன்னோடி. ரோபோ என்றதும் இரும்புக் கை ஸ்க்ரூவை முறுக்குவதாகப் படம் ஓடும். அப்படியில்லை. திட்டமிட்ட கோணத்தில் ஒரு குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்பதே அதன் வேலை. குழாய் வழியே துளை போடுபவர் சர்ஜன்தான்.

ஜெர்மனியின் மியூனிக்கில் ஃப்ளோரியன் ரிங்கலின் குழு இந்த ரோபோவையும் வெறும் கையையும் 60 நோயாளிகளிடம் மோதவிட்டது. 2012-இல் வெளியான முடிவில் கை ஜெயித்தது. கையால் போட்டவற்றில் 93 சதவீதம் நல்ல நிலையில் இருந்தன. ரோபோ உதவியோடு போட்டவற்றில் 85 சதவீதம். காரணமாக அவர்கள் சந்தேகித்தது நுழைவாயிலை. முள்ளெலும்பின் பின்புறம் தட்டையானதல்ல. மூட்டுப் பகுதி சரிவாக இருக்கும். குழாயின் நுனி அந்தச் சரிவில் பட்டு வெளிப்பக்கமாக வழுக்கியது. ரோபோ கணக்கிட்ட கோணம் சரி, நிஜத்தில் எலும்பைத் தொட்ட இடம் தவறு. முனை எதைத் தொடுகிறது என்று அந்த ரோபோவுக்குத் தெரியாது.

அடுத்த தலைமுறை ரோபோக்கள் நேவிகேஷனோடு இணைந்து வந்தன, எலும்பை இறுக்கிப் பிடித்தன, முடிவுகளும் மேம்பட்டன. மெட்ரானிக் நிறுவனம் 2018-இல் மேசோரை ஏறத்தாழ 160 கோடி டாலருக்கு வாங்கியதைப் பார்த்தால் சந்தை எந்தப் பக்கம் சாய்ந்தது என்பது தெரியும். சர்ஜனின் கண்ணாடியிலேயே எலும்பின் முப்பரிமாணப் படத்தைக் காட்டும் ஆக்மெடிக்ஸ் நிறுவனக் கருவிக்கு 2019 டிசம்பரில் அமெரிக்க அனுமதி கிடைத்தது. திரையை நோக்கித் தலையைத் திருப்பும் தொல்லை இதில் இல்லை. சட்டம் நகர்ந்தால் ஏமாறும் தொல்லை இதிலும் உண்டு.

எனக்கு நம்பிக்கை தரும் வேலை வேறொன்று. துளைபோடும் டிரில்லின் நுனியிலேயே மின்கடத்தலை அளக்கும் உணரியை வைத்து, சுவரை நெருங்கும் அறிகுறி தெரிந்ததும் ரோபோ தானாக நின்றுவிடும்படி செய்யும் முயற்சி. ஸ்பைன்கார்ட் நிறுவனமும் பாரிஸின் சோர்பான் பல்கலைக்கழக ரோபோ ஆய்வகமும் இதில் ஈடுபட்டிருக்கின்றன. வரைபடம் வழி சொல்லட்டும், முனை உண்மை சொல்லட்டும். இரண்டும் முரண்பட்டால் முனை சொல்வதே செல்ல வேண்டும்.

துல்லியம் கூடினால் நோயாளி கூடுதலாகக் குணமடைகிறாரா? இந்த இடத்தில்தான் விளம்பரங்கள் மௌனமாகின்றன. சுவரைத் தாண்டும் ஸ்க்ரூக்களில் பெரும்பாலானவை எந்தத் தொந்தரவும் தருவதில்லை. 2 மி.மீ.க்குள் தாண்டினால் ஏற்கலாம் என்றே மருத்துவ உலகம் தரம் பிரிக்கிறது; 1990-இல் கெர்ட்ஸ்பைன், ராபின்ஸ் இருவரும் செய்த பகுப்பிலிருந்து வந்த வழக்கம் அது. நரம்பு நிரந்தரமாகப் பாதிக்கப்படுவது மிக அரிது. அரிதான ஒன்று இன்னும் அரிதாகிவிட்டது என்று நிரூபிக்கப் பல்லாயிரம் நோயாளிகளைத் தொடர வேண்டும். ஆகவே, சாதாரண இடுப்பு முள்ளெலும்பில் நான்கு ஸ்க்ரூ போட, தேர்ந்த சர்ஜனுக்குக் கோடிக்கணக்கான ரூபாய் ரோபோ தேவையில்லை என்றே சொல்வேன். வளைந்த முதுகு, சிறு குழந்தை, முன்பே ஆபரேஷன் செய்து அடையாளம் அழிந்த முதுகு, கழுத்து ஆகியவற்றுக்கு நேவிகேஷன் ஆடம்பரமல்ல. சி-ஆர்மைத் தவிர வேறெதுவும் இல்லாத மாவட்ட ஆஸ்பத்திரியில், பேட்டரியில் ஓடும் ஒரு துழாவி எவ்வளவோ உதவும். ஒரு நோயாளிக்குப் பயன்படுத்தியதும் எறிந்துவிடும்படி அது விற்கப்படுவதுதான் அங்கே அதற்குத் தடை.

உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ முதுகில் ஸ்க்ரூ போட வேண்டும் என்று சொன்னால், உங்களிடம் ரோபோ இருக்கிறதா என்று முதலில் கேட்காதீர்கள். எனக்கு ஸ்க்ரூ தேவைதானா, போடாமல் தீர்க்க வழி உண்டா என்று கேளுங்கள். இதே ஆபரேஷனை வருடத்துக்கு எத்தனை பேருக்குச் செய்கிறீர்கள் என்று கேளுங்கள். போட்ட ஸ்க்ரூ சரியான இடத்தில்தான் இருக்கிறது என்பதை, தையல் போடுவதற்கு முன்பே தியேட்டரில் எப்படி உறுதிப்படுத்துவீர்கள் என்றும் கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு முகம் சுளிக்காமல் பதில் சொல்கிறவரிடம் போங்கள்.